பயணத்துக்கேற்ற ஆடை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழியாகும். உடுத்தியிருக்கும் உடையைக் கொண்டே ஒருவரை மதிப்பிடும் வழக்கம் உலகில் உண்டு என்பதை இது உணர்த்துகின்றது. திருமண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் இப்பழமொழி நன்கு பொருந்தும். அங்கெல்லாம் நாம் பெரும்பாலும் அமர்ந்திருக்கின்றோம். பிறர் நம்மைப் பார்க்கின்றனர். ஆனால் காலை முதல் மாலை வரை நடந்தும், நனைந்தும், தலைகீழாகச் சுழன்றும் பொழுதைக் கழிக்கும் ஓர் இடத்துக்குச் செல்லும்போது, ஆடையைப் பற்றி வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டியுள்ளது. "இதை உடுத்தால் நான் எப்படித் தோன்றுவேன்?" என்பதோடு, "இதை உடுத்துக்கொண்டு என்னால் என்ன செய்ய முடியும்?" என்பதே அக்கேள்வியாகும். எங்கள் குடும்பம் ஒரு பயணத்துக்கு ஆயத்தமான இரண்டு வாரங்களில் அதன் முழுப் பொருளையும் நான் அறிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு. அப்பா தபாற் கந்தோரில் பணிபுரிகின்றார். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கின்றார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் 2024 டிசம்பர் விடுமுறைக்கு எங்களை அங்கு அழைத்தார். ஐந்து நாட்கள் தங்குவதென்றும், அவற்றுள் ஒரு நாள் முழுவதையும் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் கேளிக்கைப் பூங்காவில் கழிப்பதென்றும் முடிவாயிற்று. 2010 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பூங்கா, திரைப்படக் கதைகளைத் தழுவிப் பல வலயங்களாக அமைக்கப்பட்டுள்ளது. பண்டைய எகிப்து ஒரு வலயம். டைனோசர்கள் உலவும் காடு இன்னொரு வலயம். தேவதைக் கதைக் கோட்டை மற்றொன்று.

செய்தி வந்த அன்றே வீட்டில் உடுப்புப் பேச்சு ஆரம்பமாயிற்று. தம்பி, தீபாவளிக்கு வாங்கிய தடித்த டெனிம் காற்சட்டையையே போடுவேன் என்றான். அத்துடன் புதுச் சப்பாத்து ஒன்றும் வேண்டுமென்று அடம்பிடித்தான். அக்கா, மாமாவின் திருமணத்துக்குத் தைத்த சல்வாரையும் அதன் நீண்ட சோலையும் எடுத்துக் கட்டிலில் விரித்தார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வழமைபோல இரண்டு சாறிகளை மடித்து ஓரமாக வைத்தார்.

அப்பா ஒரு வெற்றுத் தாளை என்னிடம் தந்தார். "உடுப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் அன்றைக்கு எங்கள் உடம்பு என்னென்ன செய்யப்போகிறது என்று எழுது மகள்" என்றார். சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நான் எழுதினேன். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நடப்பதும் நிற்பதும், வெயில், திடீர் மழை, படகுச் சவாரியில் நனைதல், ரோலர் கோஸ்டரில் சுழலுதல், குளிரூட்டிய மண்டபங்களுக்குள் அமர்தல், இரவில் குளிரூட்டிய ரயிலில் திரும்புதல். இவற்றைத் தாளின் இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். அந்த வெற்றிடத்தில்தான் உடுப்புகள் ஒவ்வொன்றாக இடம்பிடித்தன.

முதலில் காலநிலையை நோக்கினோம். சிங்கப்பூர் மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீற்றர் தூரத்திலேயே அமைந்துள்ளது. ஆகையால் அங்கு ஆண்டு முழுவதும் வெப்பநிலையில் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை. டிசம்பரில் பகல் வேளையில் ஏறத்தாழ 30 பாகை செல்சியசும் இரவில் ஏறத்தாழ 24 பாகையும் இருக்கும். எனினும் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருவதால், டிசம்பர் மாதத்தின் சராசரி மழைவீழ்ச்சி 300 மில்லிமீற்றரையும் தாண்டுகின்றது. இதே பருவக்காற்றுத்தான் மட்டக்களப்பிலும் மார்கழி மாதத்தில் வாவியையும் வயலையும் நிரப்புகின்றது. புவியியல் பாடத்தில் படித்த ஒரு காற்று, இரண்டு நாடுகளில் எங்கள் உடுப்பை நனைக்கக் காத்திருக்கின்றது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குளிராடை ஆளுக்கொன்று தேவையில்லை என்றும், மடித்தால் கைக்குள் அடங்கும் மழைக்கோட்டு ஆளுக்கொன்று வேண்டும் என்றும் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது துணி. இதில் அம்மாவின் அறிவுக்கு நிகர் எங்கள் வீட்டில் எவருமில்லை. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண அறை வெப்பநிலையில், காற்றின் சாரீரப்பதன் 65 சதவீதமாக உள்ளபோது, பருத்தி தன் உலர் நிறையின் ஏறத்தாழ 8.5 சதவீத நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பொலியெஸ்ரரோ 0.4 சதவீத நீரையே வைத்திருக்கும். வியர்வையை உறிஞ்சுவதால் பருத்தி உடலுக்கு இதமானது; ஆனால் முற்றாக நனைந்துவிட்டால் எளிதில் உலராது. அம்மா இதைச் சொல்லோடு விடவில்லை. டெனிம், பருத்தி, பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த துணி ஆகிய மூன்றிலும் ஒரே அளவான துண்டுகளை வெட்டி, ஒரே வாளியில் நனைத்து, பிழிந்து விறாந்தைக் கொடியில் போட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்தபோது கலப்புத் துணி ஏறத்தாழக் காய்ந்திருந்தது. பருத்தி சற்று ஈரமாயிருந்தது. டெனிம் மறுநாட் காலையிலும் குளிர்ந்து பாரமாகத் தொங்கியது.

தம்பி அதைத் தொட்டுப் பார்த்தான். "இதைப் போட்டுக்கொண்டு நனைந்தால் நாள் முழுவதும் இப்படியேவா இருக்கும்?" என்று கேட்டான். "ஓம் ராசா. அதோடு காலிடுக்கும் உரசிப் புண்ணாகும்" என்றார் அம்மா. அதன்பின் அவன் டெனிம் பற்றி வாய்திறக்கவில்லை. முழங்கால் வரை நீளமான மெல்லிய காற்சட்டை இரண்டு அவன் பெயருக்கு எதிரே எழுதப்பட்டன. விஞ்ஞான பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்திப் பரிசோதனை செய்தல் பற்றி நாம் படிக்கின்றோம். விறாந்தைக் கொடியில் நடந்ததும் அதுவே.

காலணி பற்றிய விவாதமும் எளிதில் முடியவில்லை. இங்கு ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிடுவது பொருத்தமாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்னும் நகரில், 1955 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆந் திகதி டிஸ்னிலாந்து திறந்துவைக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு அவசரமாகத் தார் போடப்பட்ட பாதைகள், அன்றைய கடும் வெப்பத்தில் இளகின. அழகாக உடுத்து, குதியுயர்ந்த சப்பாத்து அணிந்து வந்த பெண்களின் குதிகள் அந்தத் தாருக்குள் புதைந்தன. விழாவுக்கென்று உடுத்தவர்கள் வந்து சேர்ந்த இடமோ நடக்கும் இடமாக இருந்தது. இன்றைய பூங்காக்களின் பாதைகள் இளகுவதில்லை. ஆயினும் நாள் முழுவதும் நடக்கும் கால்களின் நிலை மாறவில்லை. புதுச் சப்பாத்து முதல்நாளிலேயே குதிக்காலில் கொப்புளத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே ஏற்கெனவே காலுக்குப் பழகிய கன்வஸ் சப்பாத்துகளையே எல்லோரும் போடுவதென்றும், நனைந்தால் மாற்றுவதற்கு ஆளுக்கு இரண்டு சோடி காலுறைகள் எடுப்பதென்றும் தீர்மானித்தோம். புதுச் சப்பாத்துக்கு ஒதுக்கவிருந்த பணம் மழைக்கோட்டுகளுக்குப் போதுமாயிற்று.

இவற்றிலும் முக்கியமானது பாதுகாப்பு. அப்பூங்காவில் அருகருகே ஓடும் இரண்டு ரோலர் கோஸ்டர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் இருக்கைகள் தண்டவாளத்தின் கீழே தொங்குகின்றன. பயணிகளின் கால்கள் அந்தரத்தில் ஆடுகின்றன. அதில் ஏறுவோர் குறைந்தது 125 சென்ரிமீற்றர் உயரமாவது இருத்தல் வேண்டும். அளந்து பார்த்ததில் தம்பிக்கு மூன்று சென்ரிமீற்றர் குறைவு. ஆனாலும் எகிப்து வலயத்திலுள்ள சவாரிக்கு 122 சென்ரிமீற்றர் போதும் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. இத்தகைய சவாரிகளுக்குக் கைப்பை, கமரா, தொப்பி போன்ற கழன்று விழக்கூடிய பொருட்களை லொக்கரில் வைத்துவிட்டே செல்ல வேண்டும். கழுத்தைச் சுற்றித் தொங்கும் துணியும் அவ்வாறே அபாயமானது.

இசடோரா டங்கன் என்பவர் உலகப் புகழ்பெற்ற அமெரிக்க நடனக் கலைஞர். 1927 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆந் திகதி, பிரான்சின் நீஸ் நகரில் அவர் திறந்த மோட்டார் வாகனமொன்றில் சென்றுகொண்டிருந்தார். அவர் அணிந்திருந்த நீண்ட பட்டுக் கழுத்துச்சால்வை வாகனத்தின் சக்கரத்தில் சிக்கியதால் உயிரிழந்தார். நமது ஊர்களிலும் மோட்டார்ச் சைக்கிளின் பின்சக்கரத்தருகே கம்பித் தடுப்பொன்று பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். பின்னால் இருப்பவரின் சாறியோ சோலோ சக்கரத்துக்குள் போகாமல் காப்பதற்காகவே அது அமைக்கப்பட்டுள்ளது. அழகான துணியொன்று, சுழலும் எந்த இயந்திரத்தின் அருகிலும் ஆபத்தானதாக மாறலாம் என்பதை இவை காட்டுகின்றன.

இதைக் கேட்ட அக்கா சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்பு, "சோல் இல்லாமல் நாலு பேருக்கு முன்னாலே நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கும் அம்மா" என்றார். அக்காவின் கூச்சத்தை எவரும் கேலி செய்யவில்லை. ஆடை ஒருவருக்கு மனநிம்மதியையும் தரவேண்டும். நாள் முழுவதும் கூச்சத்துடன் நடப்பவர் எதையும் இரசிக்கமாட்டார். அம்மா ஒரு வழி கண்டார். முழங்கால் வரை நீண்ட, தளர்வான மேற்சட்டை ஒன்றை வெட்டி, அதன் மார்புப் பகுதிக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்தார். நனைந்தாலும் உடல் தெரியாதவாறு கருநீல நிறத்தைத் தெரிவு செய்தார். பக்கத்தில் மூடக்கூடிய பை ஒன்றும் வைத்தார். அக்கா அதைப் போட்டுக் கண்ணாடியின் முன் நின்றார், கைகளை உயர்த்திப் பார்த்தார், குனிந்து பார்த்தார். சோலை அவரே மடித்து அலுமாரியில் வைத்தார்.

இவ்வாறு தாளின் வலப்பக்கம் நிரம்பி வந்தபோதும், அம்மாவின் பெயருக்கு எதிரே 'சாறி 2' என்பது மட்டுமே இருந்தது. அதைக் கண்டதும் எங்கள் பழைய சுற்றுலாப் படங்கள் என் நினைவுக்கு வந்தன. அருவியருகே, கடற்கரையில், சிறுவர் பூங்காவில் என்று எங்கு போனாலும் எடுத்த படங்களில் நாங்கள் நால்வரும் நனைந்து சிரித்துக்கொண்டிருப்போம். அம்மா பின்னாலே ஒரு வாங்கில், எல்லோருடைய பைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே அமர்ந்திருப்பார். "எனக்கு இதெல்லாம் தலைசுற்றும் பிள்ளை. நீங்கள் போய் விளையாடுங்கள், நான் சாமான்களைப் பார்க்கிறேன்" என்பார். அக்காதான் அன்று கேட்டார்: "ஒருதரமாவது ஏறிப் பார்த்தீர்களா அம்மா?" அம்மா விடை கூறவில்லை. கையிலிருந்த அளவுநாடாவைச் சுருட்டினார், மீண்டும் விரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

பின்பு மெதுவாக, "ஆறு யார் சீலையோடு எந்தப் படகில் ஏறுவது? நனைந்தால் அத்தனை பேருக்கும் முன்னாலே எப்படி நிற்பது?" என்றார். ஊரிலுள்ள எத்தனையோ பெண்களுக்கு அம்மா சல்வார் தைத்துக் கொடுத்திருக்கின்றார். தமக்கென்று ஒன்றும் தைத்ததில்லை. "இந்த வயதில் புதிதாகப் போட்டால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று அவர் கேட்டபோது, மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பம்மா தலைநிமிர்ந்தார்.

"நாங்கள் வயலுக்குள்ளே இறங்கும்போது சீலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டுதான் இறங்கினோம். அப்படி இறங்காதவள் வரப்பிலே நின்று பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். வேலைக்குத் தக்கது உடுப்பு. கோயிலுக்குப் போகும்போது கட்டு உன் சீலையை. அங்கே போய் விளையாடும்போது விளையாடுகிற உடுப்பைப் போடு மகள்" என்றார் அப்பம்மா. அவர் அதை ஒரு பெரிய விடயமாகக் கருதியதாகத் தெரியவில்லை. மீண்டும் பாக்கை இடிக்கத் தொடங்கினார்.

மறுநாள் நள்ளிரவு வரை தையல் இயந்திரத்தின் ஓசை கேட்டது. காலையில் மேசைமேல் மரூன் நிறக் கலப்புத் துணியில் ஒரு சல்வார் மடிக்கப்பட்டிருந்தது. காற்சட்டையின் கீழ்ப்பகுதி தடக்காதவாறு ஒடுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அம்மா அதை எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. நேரே பயணப்பையில் வைத்தார். ஒரு சாறியை எடுத்து அலுமாரியில் வைத்தார். மற்றதைப் பையிலேயே விட்டார். நான் தாளில் 'சாறி 2' என்பதை வெட்டி, 'சாறி 1, சல்வார் 1' என்று எழுதினேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் இறுதிப் பட்டியல் ஆயத்தமாயிற்று. பூங்கா நாளுக்கு ஆளுக்கொரு இலேசான உடை, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு மாற்றுடை, மெல்லிய துவாய், மழைக்கோட்டு, பழகிய சப்பாத்து, இரண்டு சோடி காலுறை. அணிகலன் எதுவுமில்லை. அம்மா தாலிக்கொடியை மட்டும் மேற்சட்டையின் உட்புறமாக, ஊசி குத்திப் பாதுகாப்பாக வைப்பதென்று முடிவு செய்தார். நனைந்த உடுப்புடன் குளிரூட்டிய ரயிலில் அமர்ந்தால் நீர் ஆவியாகும்போது உடல் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும் என்பதால், மாற்றுடையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாதென அப்பா அதன்கீழ்க் கோடிட்டார்.

பூங்காவில் அன்று காலை வெயில் எரித்தது. பிற்பகல் மழை கொட்டியது. மழைக்கோட்டுகளைப் போட்டபடி டைனோசர் வலயத்தின் படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றோம். வட்டமான படகுகள் ஆற்றுநீரில் சுழன்று சுழன்று சென்று, இறுதியில் உயரத்திலிருந்து வழுக்கி விழும் சவாரி அது. பைகளைச் சித்தப்பா லொக்கரில் வைத்துப் பூட்டினார். காவலிருக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா எனக்கும் தம்பிக்கும் நடுவே அமர்ந்து, கைபிடியை இறுகப் பற்றிக் கண்களை மூடிக்கொண்டார். படகு விழுந்தபோது எழுந்த அலை நேரே அம்மாவின் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்த அம்மா, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் வீட்டில் கேட்டதில்லை. கரையேறியதும் மேற்சட்டையின் ஓரத்தைப் பிழிந்தவாறு, "இன்னொருக்கால் போகலாமா?" என்று அவரே கேட்டார். மறுநாள், 1827 இல் நிறுவப்பட்ட சிறீ மாரியம்மன் கோயிலுக்குச் சென்றபோது அம்மா தமது சாறியைக் கட்டியிருந்தார். இரண்டு நாட்களிலும் அவர் அவராகவே இருந்தார்.

மாணவர்களாகிய நாமும் சுற்றுலாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ முகாமுக்கோ ஆயத்தமாகும் வேளைகளில், முதலில் கண்ணாடியின் முன் போய் நிற்கின்றோம். அதற்குமுன் ஒரு தாளை எடுத்து, அன்று உடல் செய்யப்போகும் வேலைகளை எழுதிப் பார்ப்பது பயனுள்ளதாகும். காலநிலை, துணியின் தன்மை, நடக்கும் தூரம், பாதுகாப்பு, மனக்கூச்சம் ஆகிய யாவும் அதில் இடம்பெறட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய பெயரையும் அத்தாளில் எழுதுவோம். எவருடைய பெயருக்கு எதிரே உள்ள உடுப்பு அவரை வாங்கிலேயே இருத்திவிடக்கூடியது என்று பார்ப்போம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பையை மூடுவோம்.